தெரியாத உரிமை இல்லாத உரிமையே!

2007-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. மலேசியத் தமிழர் எளிதில் மறந்துவிட இயலாத நாள். அன்றிரவு ஒன்பது மணியளவில் என் வீட்டு வாயிலில் ஓர் அம்மையார் வந்து நின்றார். தமிழ்ப்பள்ளியில் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனின் தாயார் அவர். மகனுக்கு அப்போது 19 வயது. தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தான். விடியுமுன்பே நண்பர்களோடு கோலாலம்பூருக்குப் புறப்பட்டுப் போயிருக்கிறான். மாலையில் நண்பர்கள் திரும்பிவிட்டார்கள். அவன் மட்டும் திரும்பவில்லை. காவல்துறை வண்டியில் ஏற்றப்பட்டதைப் பார்த்ததாக ஒருவன் சொல்லியிருக்கிறான்.

"ஐயா, புள்ளைய எங்க வச்சிருக்காங்கன்னே தெரியல. நீங்கதான் படிச்சவங்க. எத்தன நாளைக்கு வச்சிருப்பாங்க? நாங்க போய்ப் பாக்க முடியுமா? வக்கீல் வைக்கணுமா?"

அந்தக் கேள்விகளில் ஒன்றுக்கேனும் என்னிடம் விடை இல்லை. பட்டம் பெற்றவன், பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பாடம் நடத்தியவன், ஊரில் நாலு பேர் கடிதம் எழுதவும் பாரம் நிரப்பவும் தேடிவரும் ஆள். ஆயினும், கைது செய்யப்பட்ட ஒருவரைக் காவல்துறை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்னும் எளிய செய்தி எனக்குத் தெரிந்திருக்கவில்லை. "காலையில் பார்க்கலாம், அம்மா" என்று சொல்லி அனுப்பினேன். அது விடையன்று; விடை தெரியாதவன் சொல்லும் ஆறுதல்.

மூன்றாம் நாள் மாலை அவன் வீடு திரும்பினான். குற்றச்சாட்டு எதுவும் சுமத்தப்படவில்லை. நான் போய்ப் பார்த்தபோது, தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்றான். "அதில் என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டேன். "தெரியாது சார்" என்றான். எஸ்.பி.எம். வரை மலாய் படித்தவன். வாசித்தால் விளங்கியிருக்கும். ஆனால், வாசித்துப் பார்க்கக் கேட்கலாம் என்பதே அவனுக்குத் தெரியாது. தெரியாமற்போனதற்கு அவன் மட்டுமா காரணம்? அவனுக்கு ஆறு ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களுள் நானும் ஒருவன்.

அந்த இரவை நினைத்துத்தான் இதனை எழுதுகிறேன்.

அன்றே இருந்த விடைகள்

அந்தத் தாயார் கேட்டவற்றுக்கெல்லாம் அன்றே சட்டத்தில் விடை இருந்தது என்பதைப் பிறகுதான் படித்தறிந்தேன்.

"எத்தனை நாள் வைத்திருப்பார்கள்?" மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 5-ஆவது விதி இதற்கு விடை தருகிறது. கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் மெஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும். அவருடைய ஆணையின்றி அதற்கு மேல் காவலில் வைக்கக்கூடாது. ஏன் கைது செய்தார்கள் என்பதையும் கூடிய விரைவில் அவரிடம் சொல்லியாக வேண்டும்.

"வக்கீல் வைக்கலாமா?" அதே விதி, தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துபேசவும் அவரைக்கொண்டு வாதாடவும் உரிமை தருகிறது.

"எங்கே வைத்திருக்கிறார்கள்?" குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு இதற்கென்றே சேர்க்கப்பட்டது. விசாரணையைத் தொடங்குமுன், தாம் எங்கே இருக்கிறோம் என்பதை உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்குத் தெரிவிக்கலாம், வழக்கறிஞரை அழைக்கலாம் என்று காவலரே கைதானவரிடம் சொல்ல வேண்டும். உடந்தையாக இருந்தவர் தப்பிவிடுவார், சான்று அழிந்துவிடும் என்பன போன்ற சில சூழல்களில் மட்டும் உயர் அதிகாரி இதற்கு விலக்கு அளிக்கலாம். இப்பிரிவு நடைமுறைக்கு வந்தது 2007 செப்டம்பரில். அதாவது, அந்தத் தாயார் என் வாயிலில் வந்து நின்றபோது இவ்வுரிமைக்கு வயது இரண்டரை மாதங்கள். உரிமை பிறந்துவிட்டது, நம் வீட்டுக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

கூடிப் பேசும் உரிமை நமக்குப் புதியதன்று

"போராட்டம் என்பது நமக்கெதற்கு? நாம் அமைதியானவர்கள்" என்று சொல்வோர் நம்மிடையே பலர். இவர்கள் நம் வரலாற்றை அறியாதவர்கள்.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளைப் படித்தால் கண் கலங்கும். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல் என்று அப்பட்டியல் நீளும். மிதிவண்டியில் போகும்போது வெள்ளைக்காரத் துரை எதிர்ப்பட்டால் இறங்கி நிற்கவேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கவேண்டும் என்பதும் அதில் ஒன்று. அந்தப் பட்டியலிலேயே பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் இடம்பெற்றிருந்தன. எழுத்தறிவு குறைந்த பால்மரத் தொழிலாளி, நாடு விடுதலை பெறுவதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே அதைக் கேட்டிருக்கிறான். அதற்கு அவனுக்குக் கிடைத்த பதில் இராணுவமும் துப்பாக்கிச் சூடும். உயிர்ப்பலியும் நேர்ந்தது. தலைமையேற்ற ஆர்.எச். நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

அன்று அவர்கள் கேட்ட உரிமை இன்று அரசமைப்பின் 10-ஆவது விதியில் எழுதப்பட்டிருக்கிறது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை குடிமக்கள் அனைவருக்கும் உண்டு. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு ஆகியவற்றின் பொருட்டு நாடாளுமன்றம் அதற்குச் சில கட்டுப்பாடுகளை விதிக்கலாம். உரிமைதான் அடிப்படை, கட்டுப்பாடு அதற்கு விலக்கு. இந்த வரிசை முறையை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

சட்டம் கடந்துவந்த பாதை

2007-இல் பேரணி நடத்த வேண்டுமானால் 1967-ஆம் ஆண்டுக் காவல்துறைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி உரிமம் பெறவேண்டும். உரிமம் கிடைக்காவிட்டால் கூட்டமே சட்டவிரோதம். இண்ட்ராஃப் பேரணிக்கு நேர்ந்தது அதுதான். கூடியவர்களுக்குக் கண்ணீர்ப்புகையும் இரசாயனம் கலந்த நீர்ப்பீய்ச்சலும் கிடைத்தன. டிசம்பரில் தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டனர். பத்துமலையில் கைதான 31 பேர் மீது கொலை முயற்சிக் குற்றச்சாட்டே சுமத்தப்பட்டுப் பின்னர் அது மீட்டுக்கொள்ளப்பட்டது.

2012-இல் அந்த உரிம முறை நீக்கப்பட்டது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் அவ்வாண்டே அகற்றப்பட்டு, அதனிடத்தில் சொஸ்மா எனப்படும் வேறொரு சட்டம் வந்தது. ஏப்ரல் 23-ஆம் நாள் அமைதிப் பேரணிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின்படி காவல்துறைக்கு 'அறிவிப்பு' கொடுத்தால் போதும். 'அனுமதி' கேட்க வேண்டியதில்லை. இவ்விரு சொற்களுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. ஆயினும், நம் மக்களில் பெரும்பாலோர் இன்றும் "போலீஸ் பெர்மிட் எடுத்தாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள்.

முதலில் 10 நாள்களுக்கு முன் அறிவிப்புக் கொடுக்கவேண்டும் என்றிருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 5 நாள்களாகக் குறைத்தது. வீதி ஊர்வலத்துக்கு இருந்த தடையையும் நீக்கியது. அறிவிப்புக் கொடுக்காத ஏற்பாட்டாளருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம் என்னும் 9(5) பிரிவு மட்டும் பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் அலைந்தது. 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லாது என்றது. மறு ஆண்டே அதே நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு செல்லும் என்றது. இறுதியாக, 2025 ஜூலை 1-ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம், அந்தத் தண்டனைப் பிரிவு அரசமைப்பின் 10-ஆவது விதிக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அறிவிப்புக் கொடுக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அமைதியாகக் கூடியவரைக் குற்றவாளியாக்க முடியாது என்பதே இதன் பொருள். நம் நாட்டு மக்கள் உரிமை வரலாற்றில் இது பெரிய நாள். நம் பள்ளி ஆசிரியர் அறையில் அன்று யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியது பள்ளி விளையாட்டுப் போட்டியைப் பற்றி.

தீர்ப்பு வந்துவிட்டதே என்று அறிவிப்பை அலட்சியம் செய்யவேண்டாம் என்பது என் கருத்து. அறிவிப்புக் கொடுத்தால் போக்குவரத்தைச் சீர்செய்யவும், இடையூறு செய்வோரைத் தடுக்கவும் காவல்துறைக்கு வாய்ப்புக் கிடைக்கும். நம் நோக்கம் நேர்மையானது என்பதற்கு அதுவே சான்றாகவும் அமையும்.

நம்மவர் அறியாமல் இடறும் இடங்கள்

இச்சட்டத்தில் நம் சமுதாயம் சிறப்பாகக் கவனிக்கவேண்டிய நான்கு செய்திகள் உள்ளன.

முதலாவது, இடம். வழிபாட்டுத் தலங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள், பெட்ரோல் நிலையங்கள், இரயில் நிலையங்கள், விமான நிலையங்கள் முதலியவை தடைசெய்யப்பட்ட இடங்கள். அவற்றின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் பேரணி நடத்துவது குற்றம். நாம் கூடுகிற இடங்கள் எவை? ஒன்று கோயில் வாசல். மற்றொன்று தமிழ்ப்பள்ளி வாசல்! பள்ளி நிலத்துக்காகவும் கட்டடத்துக்காகவும் பெற்றோர்கள் பள்ளி முன்னே பதாகை ஏந்தி நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அவர்களின் கோரிக்கை நியாயமானதே. ஆனால், நிற்கும் இடமே அவர்களைக் குற்றவாளியாக்கிவிடக்கூடும். அறுபதடி தள்ளி நின்றால் போதாது. ஏறத்தாழ 165 அடி தள்ளி நிற்கவேண்டும்.

இரண்டாவது, குழந்தைகள். 15 வயதுக்குட்பட்ட சிறார்களைப் பேரணிக்கு அழைத்துச் செல்லக்கூடாது. சமயக் கூட்டம், இறுதி ஊர்வலம், பண்பாட்டு நிகழ்ச்சி ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. ஆகவே, தைப்பூசத்துக்குப் பிள்ளையைத் தோளில் சுமந்து செல்லலாம். பேரணிக்கு அப்படிச் செல்லக்கூடாது. மீறினால் அழைத்துச் சென்ற பெரியவருக்கு 20,000 வெள்ளி வரை அபராதம். சீருடை அணிந்த பிள்ளையின் கையில் பதாகையைக் கொடுத்துப் படம் எடுத்து நாளேட்டுக்கு அனுப்பும் பழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும். சட்டத்துக்காக மட்டுமன்று. கண்ணீர்ப்புகை பெரியவர் சிறியவர் என்று பார்ப்பதில்லை.

மூன்றாவது, குடியுரிமை. கூடும் உரிமை குடிமக்களுக்கே உரியது. குடியுரிமை இல்லாதவர் பேரணியில் பங்கேற்பதைச் சட்டம் தடை செய்கிறது. இந்த மண்ணிலேயே வாழ்ந்து மூத்தும் இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் நம் பாட்டிகளையும் தாத்தாக்களையும் நினைத்துப் பாருங்கள். குடியுரிமை கேட்டுக் குரலெழுப்பும் தேவை அவர்களுக்குத்தான் மிகுதி. கூடிக் கேட்கும் உரிமை மட்டும் அவர்களுக்கு இல்லை! இக்கொடுமையை நாம் எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால், பேருந்தில் இடம் இருக்கிறதே என்று அவர்களை ஏற்றிச் சென்று பலியாக்கிவிடக்கூடாது.

நான்காவது, வயது. 21 வயது நிரம்பாதவர் பேரணியில் கலந்துகொள்ளலாம். ஏற்பாடு செய்யக்கூடாது என்கிறது 2012-ஆம் ஆண்டுச் சட்டம். 2021 டிசம்பர் முதல் 18 வயதில் வாக்களிக்கலாம். நாடாளுமன்றத் தேர்தலில் வேட்பாளராகவும் நிற்கலாம். நாட்டை ஆளத் தகுதி உண்டு. நாற்பது பேரைத் திடலில் கூட்டத் தகுதி இல்லை! இது திருத்தப்படவேண்டிய முரண்பாடு. திருத்தப்படும்வரை நம் கல்லூரி மாணவர்கள் கவனமாக இருக்கவேண்டும்.

தொழிற்சங்க மறியலுக்குத் தனிச் சட்டங்கள் உள்ளன. என்னைப் போன்ற அரசு ஊழியர்களுக்கு 1993-ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள் வேறு உள்ளன. ஜொகூரிலிருந்து நாள்தோறும் பாலம் கடந்து சிங்கைக்கு வேலைக்குச் செல்வோர், நம் நாட்டுச் சட்டத்தை அங்கே நினைத்துக்கொள்ளக்கூடாது. அங்கே 2009-ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தின்படி ஒருவர் தனித்து நின்று கோரிக்கை அட்டை ஏந்துவதற்கும் உரிமம் வேண்டும். ஹொங் லிம் பூங்காவிலுள்ள பேச்சாளர் சதுக்கத்தின் சலுகையும் வெளிநாட்டினருக்குக் கிடையாது.

காவலர் அணுகும்போது

வழக்கறிஞர் மன்றம் 'சிவப்புப் புத்தகம்' என்னும் சிறு கையேட்டைப் பல ஆண்டுகளுக்கு முன்பே வெளியிட்டுள்ளது. சட்டைப்பையில் அடங்கும் அளவு. நம் வீடுகளில் நாள்காட்டி தொங்குவதுபோல் அதுவும் இருக்கவேண்டும். அதிலும் சட்டத்திலும் சொல்லப்பட்டவற்றுள் தலையானவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

1. காவலர் சீருடையில் இல்லையென்றால் அவருடைய அதிகார அட்டையைக் காட்டும்படி பணிவாகக் கேட்கலாம். நீல அட்டை இன்ஸ்பெக்டருக்கும் அதற்கு மேற்பட்டோருக்கும் உரியது. மஞ்சள் அட்டை அதற்குக் கீழுள்ளோருக்கு. வெள்ளை அட்டை துணைக் காவலர் படைக்கு. சிவப்பு அட்டை வைத்திருப்பவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டவர். அவருக்கு அதிகாரம் இல்லை. பெயரையும் எண்ணையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

2. பெயர், அடையாள அட்டை எண், முகவரி ஆகியவற்றைக் கேட்டால் சொல்லிவிடுங்கள். அடையாள அட்டை எப்போதும் கையில் இருக்கட்டும்.

3. மேற்கொண்டு கேள்விகள் வந்தால், "அடாக்கா சாயா டித்தங்காப்?" என்று கேளுங்கள். நான் கைது செய்யப்பட்டிருக்கிறேனா என்பது பொருள். இல்லை என்றால் நீங்கள் போகலாம்.

4. ஆம் என்றால், "அத்தாஸ் கெசலாஹான் அப்பா?" என்று காரணத்தையும், "பாலாய் மானா?" என்று எந்தக் காவல் நிலையம் என்பதையும் கேளுங்கள். திமிறாதீர்கள், ஓடாதீர்கள். கைது தவறானதாகவே இருந்தாலும் அதை முறியடிக்கும் இடம் நீதிமன்றம், தெரு அன்று.

5. நிலையத்தில், "சாயா மாவு பெர்ஜும்பா பெகுவாம் டாவுலு" என்று சொல்லுங்கள். முதலில் வழக்கறிஞரைச் சந்திக்க விரும்புகிறேன் என்பது பொருள். வீட்டுக்கும் தகவல் சொல்லக் கேளுங்கள். வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாத குடிமக்களுக்காக 2011-இல் அமைக்கப்பட்ட தேசியச் சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. கைது, தடுப்புக் காவல் விண்ணப்பம் ஆகிய கட்டங்களில் அதன் வழக்கறிஞர்கள் கட்டணமின்றி உதவுகிறார்கள்.

6. உங்களைக் குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய கேள்விக்கு விடை சொல்ல மறுக்கும் உரிமை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆவது பிரிவில் இருக்கிறது. சொல்வதாயின் உண்மையையே சொல்லவேண்டும். எழுதப்பட்ட வாக்குமூலத்தைப் படித்துப் பார்க்காமல், அல்லது படித்துக்காட்டக் கேட்காமல், கையெழுத்திடாதீர்கள். பிழை இருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

7. 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால் உங்களை மெஜிஸ்திரேட்டின் முன் நிறுத்துவார்கள். 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத்தண்டனைக்குரிய குற்றமானால் முதல் முறை 4 நாள், இரண்டாம் முறை 3 நாள் என்பதே உச்ச வரம்பு. அதைவிடக் கடுமையான குற்றங்களுக்கு 7 நாளும் மீண்டும் 7 நாளும் வழங்கப்படலாம். உடல்நலக் குறைவு, அடி, மருந்துத் தேவை எதுவாயினும் மெஜிஸ்திரேட்டிடம் வாய்திறந்து சொல்லுங்கள். அங்கே மௌனமாக இருப்பது பணிவன்று, இழப்பு.

8. கைதானவர் 18 வயதுக்குட்பட்டவராயின் பெற்றோருக்கு உடனே தெரிவிக்கவேண்டும் என்று 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் கூறுகிறது.

9. கலைந்து செல்லுமாறு ஆணை பிறந்தால் கலைந்துவிடுங்கள். சட்டம் குறிப்பிடும் காரணங்களுக்காக அவ்வாறு ஆணையிடக் காவல்துறைக்கு அதிகாரம் உண்டு. மீறினால் 20,000 வெள்ளி வரை அபராதம். ஆணை சரியா தவறா என்பதைப் பிறகு வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

சில நாள் கழித்துச் சாட்சியாக வாக்குமூலம் அளிக்க அழைப்பு வருவதும் உண்டு. எழுத்துவழி ஆணையைக் கேட்டு வாங்குங்கள், வழக்கறிஞரோடு செல்லுங்கள். முறைகேடு நடந்ததாகக் கருதினால் சுஹாகாம் என்னும் மனித உரிமை ஆணையத்திடமும், 2023 ஜூலை முதல் இயங்கும் காவல்துறை நடத்தை ஆணையத்திடமும் முறையிடலாம்.

நான் வழக்கறிஞன் அல்லன். சட்டம் திருத்தப்பட்டுக்கொண்டே இருப்பது. ஆகவே, பேரணிக்குச் செல்லுமுன் அன்றைய நிலையை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டறிவது ஏற்பாட்டாளரின் கடமை.

"பிள்ளைகளைத் தூண்டிவிடுகிறீர்களே!"

இதையெல்லாம் பேசினால் நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். "ஆசிரியர் வேலை பாடம் நடத்துவது. பிள்ளைகளுக்கு எதிர்த்துப் பேசக் கற்றுக்கொடுக்கிறீர்கள்" என்கிறார்கள். அவர்களுடைய அச்சம் எனக்குப் புரிகிறது. நம் மக்கள் அஞ்சுவதற்குக் காரணங்கள் உண்டு. ஆனால், என் அனுபவம் வேறு. கூட்டத்தில் கல்லெடுப்பவன் யார்? தனக்கு வேறு வழியே இல்லை என்று நம்புகிறவன். தனக்கு வழக்கறிஞர் உண்டு, மெஜிஸ்திரேட் உண்டு, அரசமைப்பு உண்டு என்று அறிந்தவன் கல்லைத் தொடமாட்டான். தொட்ட நொடியிலேயே அமைதிப் பேரணி என்னும் காப்பு தன்னைவிட்டு நீங்கிவிடும் என்பதை அவன் அறிவான். சட்ட அறிவு கலகக்காரனை உருவாக்குவதில்லை. நிதானமான குடிமகனை உருவாக்குகிறது.

இன்னொரு சாரார், "தெருவில் சட்டமெல்லாம் எடுபடுமா?" என்று ஏளனம் செய்கிறார்கள். உண்மைதான். தெரிந்த உரிமையும் சில வேளைகளில் மதிக்கப்படாமற் போகலாம். ஆனால், மறுக்கப்பட்டது எது என்று தெரிந்தவன்தான் பிறகு முறையிட முடியும். தெரியாதவனுக்கு மறுக்கப்பட்டதும் தெரியாது, முறையிடுவது எதை?

நம் தலைவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். பேருந்து ஏற்பாடு செய்கிறீர்கள். உணவுப் பொட்டலம் கொடுக்கிறீர்கள். சட்டை அடித்துத் தருகிறீர்கள். கைதானால் என்ன செய்யவேண்டும் என்று ஐந்து நிமிடம் சொல்லித்தருகிறீர்களா? பேருந்தில் ஏறியவர்களின் பெயர்ப் பட்டியல் உங்களிடம் இருக்கிறதா? வழக்கறிஞரின் தொலைபேசி எண்ணை ஒவ்வொருவர் கையிலும் எழுதிவிட்டீர்களா? இவற்றைச் செய்யாமல் மக்களைத் திரட்டுவது, நீந்தத் தெரியாதவர்களை ஆற்றில் இறக்குவது போன்றது. வீரவுரை ஆற்றுகிறவர் மாலையில் வீடு திரும்பிவிடுவார். லாரியில் ஏற்றப்படுகிறவன் பெயர் தெரியாத தொழிலாளி.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. அரசமைப்பின் 5-ஆவது விதியையும் 10-ஆவது விதியையும் ஆறாம் ஆண்டு மாணவனுக்கும் விளங்கும் எளிய தமிழில் சொல்லிவிடலாம். ஆண்டுதோறும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நடக்கிறது. நம்மூர் இளம் வழக்கறிஞர் ஒருவரை அழைத்து அரை மணி நேரம் பேசச் சொன்னால் மறுக்கமாட்டார். கோயில் மண்டபங்களிலும் செய்யலாம். மேலே சொன்ன நான்கு மலாய் வாசகங்களைப் பிள்ளைகள் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். பேரணிக்குப் போகாதவருக்கும் இது பயன்படும். சாலைத் தடுப்பில் நிறுத்தப்படும் மோட்டார்சைக்கிள் இளைஞனுக்கும் அதே 5-ஆவது விதிதான்.

அன்று கைதான அந்த மாணவனுக்கு இன்று குடும்பம் உண்டு. அவனுடைய மகள் நான் பணியாற்றும் பள்ளியில்தான் பயில்கிறாள். சென்ற ஆண்டு பெற்றோர் நாளன்று என்னைப் பார்க்க வந்தான். பழைய கதை பேசினோம். "சார், அன்னிக்கு அந்தத் தாளப் படிச்சுப் பாக்கக் கேக்கலாம்னு யாராச்சும் சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்" என்றான். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

என்னால் சிரிக்க முடியவில்லை. அவன் தாயார் இப்போது இல்லை. அவர் கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்லப் பதினெட்டு ஆண்டுகள் தாமதித்துவிட்டேன். இனியொரு தாய் நம் வாயிலில் வந்து நின்று அதே கேள்வியைக் கேட்டால், "காலையில் பார்க்கலாம்" என்று சொல்லும் நிலையில் நம்மில் எவரும் இருக்கவேண்டாம்.

அறிவோம், பிறர்க்கும் அறிவிப்போம்.